அம்மாவுக்கு எதுக்கு பிரெஞ்சு?



இது கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் கோபமான பதிவும்கூட. பிரான்சில் இருக்கும் பிள்ளைகள் அவசியம் கடைசி வரை படிக்கவும். மற்ற நாடுகளில் இருப்பவர்கள் மொழியின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு படிக்கலாம்.

மகளுக்குப் பிரசவம், அல்லது பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றால் ஊரிலிருந்து அம்மாவை வரவழைக்கிறீர்கள். நல்லது. விசா, டிக்கெட், மருத்துவக் காப்பீடு, குளிருக்குக் கோட்டு, சாம்பார் பொடி, ஊறுகாய் என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுகிறீர்கள். "அம்மாவுக்கு நாலு வார்த்தை பிரெஞ்சு சொல்லிக் கொடுத்தீங்களா?" என்று கேட்டால் மட்டும் சிரிக்கிறீர்கள். "அம்மாவுக்கு எதுக்கு சார் பிரெஞ்சு? நாங்கதான் இருக்கோமே!"

இந்த ஒரு வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை.

"நாங்க இருக்கோமே" என்பது அன்பான சொல்தான். ஆனால் உண்மையான சொல்லா? காலை எட்டு மணிக்கு நீங்கள் மெட்ரோ ஏறிவிட்டால் மாலை ஏழு மணி வரை நீங்கள் இல்லை. அந்தப் பதினொரு மணி நேரமும் நாலாவது மாடியில் கைக்குழந்தையோடு இருப்பது உங்கள் அம்மா மட்டும்தான். கீழே ரொட்டிக்கடை இருக்கிறது, பச்சைச் சிலுவை எரியும் மருந்துக்கடை இருக்கிறது, நிழலான பூங்கா இருக்கிறது. எதற்கும் அவர் இறங்குவதில்லை. யாராவது ஏதாவது கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்ற பயம்.

சுற்றிப் பார்க்க வரும் விசாவில் 180 நாட்களுக்குள் 90 நாள் தங்கலாம். "மூணு மாசம்தானே சார்" என்கிறீர்கள். மூன்று மாதம் வாயைக் கட்டிக்கொண்டு நீங்கள் இருப்பீர்களா?

அந்த அம்மா யார் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ரேஷன் கடையில் எடை குறைந்தால் தட்டிக் கேட்டவர். மீதிச் சில்லறை தராத நடத்துநரிடம் இறங்கும் இடம் வரை விடாமல் கேட்டு வாங்கியவர். உங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து தலைமையாசிரியர் அறை வாசலில் நின்று உங்களுக்காக வாதாடியவர். அப்படிப்பட்டவரை ஒரு ரொட்டி வாங்கக்கூட மகன் வரும் வரை காத்திருக்க வைத்துவிட்டு, "அம்மாவை நல்லா வெச்சிருக்கோம்" என்று படம் போடுகிறீர்கள். ஈஃபிள் கோபுரத்துக்கு முன்னால் எடுத்த படம் நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்த நாள் திங்கட்கிழமை அவர் எப்படி இருந்தார் என்பதற்குப் படம் இல்லை.

நீங்கள் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் காரணம்: "அம்மாவுக்கு இங்கிலீஷே வராது, பிரெஞ்சு எப்படி வரும்?"

பிரெஞ்சுக்குப் போகும் வழி ஆங்கிலத்தின் வழியாகத்தான் என்று யார் சொன்னது? 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரெஞ்சு கற்ற நம் ஆட்கள் முதலில் ஆங்கிலமா படித்தார்கள்? 1980களிலிருந்து யாழ்ப்பாணத்தை விட்டுப் பாரிஸ் போய், உணவகச் சமையற்கட்டுகளில் பாத்திரம் கழுவத் தொடங்கியவர்களில் எத்தனை பேர் ஆங்கிலம் படித்துவிட்டு பிரெஞ்சு பேசினார்கள்? காதால் கேட்டார்கள், வாயால் திருப்பிச் சொன்னார்கள். அவ்வளவுதான்.

இன்னும் சொல்கிறேன். சில இடங்களில் ஆங்கிலத்தைவிடத் தமிழே பிரெஞ்சுக்குப் பக்கம். ஆங்கிலேயர் ப, த, க ஒலிகளைச் சொல்லின் தொடக்கத்தில் மூச்சை ஊதிச் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரர் ஊதுவதில்லை, நாமும் ஊதுவதில்லை. அவர்கள் 'த' சொல்லும்போது நாக்கு நம்மைப் போலவே பல்லைத் தொடுகிறது. ஆங்கிலேயருக்குப் பெரிய தலைவலியான மூக்கொலி நமக்குப் புதிதே இல்லை. 'மரம்' என்பதைப் பேச்சில் சொல்லிப் பாருங்கள். கடைசி 'ம்' கரைந்து மூக்கில் நிற்கிறது அல்லவா? 'பொன்', 'சான்' என்று பிரெஞ்சில் வரும் சொற்களின் கடைசி ஒலி ஏறக்குறைய அப்படித்தான். அதனால் கீழே நான் 'ன்' என்று சொல்லின் கடைசியில் எழுதியிருந்தால் அதை முழுதாக உச்சரிக்காமல் மூக்கிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள்.

மரியாதையும் அப்படியே. 'நீ'க்கு 'த்யூ', 'நீங்கள்'க்கு 'வூ'. ஆங்கிலத்தில் இந்தப் பாகுபாடே இல்லை. நம் அம்மாவுக்கு இதை விளக்கவே வேண்டாம். வெளியாள் எல்லோரையும் 'வூ' என்று சொல்லுங்கள் என்றால் போதும், புரிந்துகொள்வார். எண்கள் மட்டும் கொஞ்சம் சுற்றும். எழுபதை அவர்கள் அறுபதும் பத்தும் என்பார்கள். எண்பதை நாலு இருபது என்பார்கள். தொண்ணூற்றேழு நாலு இருபதும் பதினேழும். சிரிக்க வேண்டாம். ஒன்பது பத்துகளைச் சொல்ல நூறைக் கூப்பிட்டுத் 'தொண்ணூறு' என்கிறவர்கள் நாம்.

இரண்டாவது காரணம்: "போன் இருக்கே சார், அதுவே மொழிபெயர்க்குமே!"

மருந்துச் சீட்டைப் படிக்க, வீட்டுக்கு வந்த கடிதத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க, போன் நல்ல துணை. மறுக்கவில்லை. ஆனால் ஒரு கையில் குழந்தை, மறு கையில் பை, பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள். அங்கே கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு, போனைத் திறந்து, சத்தத்தில் பேசி, அது என்ன சொல்கிறது என்று காத்திருக்கும் அம்மா அடுத்த நாள் அந்தக் கடைக்குப் போகமாட்டார்.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. பிரான்சில் கடைக்குள் நுழைந்தால் முதலில் 'பொஞ்ஜூர்' சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். பேருந்தில் ஏறினால் ஓட்டுநருக்கு, லிஃப்டில் எதிர்ப்படும் பக்கத்து வீட்டுக்காரருக்கு, மருத்துவர் அறைக்கு வெளியே காத்திருப்பவர்களுக்கு, எல்லோருக்கும் 'பொஞ்ஜூர்'. சொல்லாமல் நேரே விலை கேட்டால் அவர்கள் முகம் மாறிவிடும். "பிரெஞ்சுக்காரங்க திமிர் பிடிச்சவங்க" என்று ஊருக்கு வந்து நம்மவர்கள் சொல்லும் கதைகளில் பாதி இந்த ஒரு சொல்லை விழுங்கியதால் வந்தவை என்பேன். கல்யாண வீட்டு வாசலில் 'வாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று பத்து வருஷம் பேசாமல் இருக்கும் குடும்பங்கள் நம்மிடம் இல்லையா? அங்கே உள்ளே வருகிறவர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம். இந்த ஒரு சொல்லை அம்மாவின் முகம்தான் சொல்ல வேண்டும், போன் சொல்லிப் பயனில்லை.

அப்பாக்களுக்கும் இதே பாடம்தான். ஆங்கிலம் தெரிந்த அப்பாக்கள் நேரே போய் "டு யூ ஸ்பீக் இங்கிலீஷ்?" என்று அதிகாரி தோரணையில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு 'பொஞ்ஜூர் முஸியே' போட்டு, பிறகு 'பார்லே வூ ஆங்லே?' என்று கேட்டுப் பாருங்கள். ஆங்கிலம் தெரியாது என்று தோளைக் குலுக்குகிறவர்கூட தெரிந்த நாலு சொல்லைத் தேடி எடுப்பார்.

மூன்றாவது காரணம்: "லா ஷப்பல் போனா தமிழே போதும் சார்!"

போதும். அங்கே முருங்கைக்காய் கிடைக்கும், இடியாப்பம் கிடைக்கும், தமிழில் பேரம்கூடப் பேசலாம். ஆனால் உங்கள் வீடு பாரிசின் அந்தத் தெருவில் இல்லையே. உங்களில் பலர் இருப்பது புறநகரில், சிலர் லியோனில், துலூசில். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் தமிழ்த் தெருவுக்குக் கூட்டிப்போவதால் மீதி ஆறு நாளுக்கு வாய் முளைக்காது.

சரி, என்ன சொல்லிக் கொடுப்பது? கடைகளில் விற்கும் 'முப்பது நாளில் பிரெஞ்சு' வேண்டாம். அருங்காட்சியகம் எங்கே, ஓட்டலில் அறை இருக்கிறதா என்று அம்மா யாரையும் கேட்கப்போவதில்லை. அவருக்குத் தேவை இருபது தொடர். வரிசையும் முக்கியம்.

முதலில் மரியாதைச் சொற்கள். பொஞ்ஜூர் மதாம், பொஞ்ஜூர் முஸியே. மாலையானால் பொன்சுவார். தயவுசெய்து என்பதற்கு சில் வூ ப்ளே. நன்றிக்கு மெர்சி. இடித்துவிட்டால், வழி வேண்டுமென்றால் பர்தோன். கிளம்பும்போது ஒ ருவார். இந்த ஒ ருவார் என்பது 'மறுபடி பார்க்கும் வரை' என்று பொருள்படும். 'போறேன்' என்று சொல்லாமல் 'போயிட்டு வரேன்' என்று சொல்கிற நமக்கு இதைவிடப் பழகிய சொல் எது?

அடுத்து தற்காப்புச் சொற்கள். 'ஜ ந பார்ல் பா ஃபிரான்சே', எனக்கு பிரெஞ்சு தெரியாது. 'ஜ ந கோம்ப்ரான் பா', புரியவில்லை. 'ப்ளூ லான்த்மான், சில் வூ ப்ளே', கொஞ்சம் மெதுவாக. இந்த மூன்றும் வாயில் இருந்தால் பயத்தில் பாதி போய்விடும். புரியவில்லை என்று சொல்லத் தெரிந்தவர் ஊமை இல்லை.

அதற்குப் பிறகு கடைச் சொற்கள். 'ஜ வூத்ரே', எனக்கு வேண்டும். அதோடு ஒரு பொருளின் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம்: 'ஜ வூத்ரே யூன் பகெத், சில் வூ ப்ளே.' விலை கேட்க 'செ கோம்பியேன்?' சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு 'சான் வியாந்த்', இறைச்சி இல்லாமல். 'சான் புவாசோன்', மீன் இல்லாமல்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த 'புவாசோன்' நடுவில் வரும் ஒலியை 'பாசம்' என்பதில் வரும் 'ச' போலச் சொன்னால் மீன். அதே இடத்தில் தேனீயின் ரீங்காரம் போல அதிரச் சொன்னால் விஷம்! இரண்டையும் பிரித்துக்காட்டத் தமிழில் எழுத்து இல்லை. அதனால்தான் சொல்கிறேன், தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கை கழுவாதீர்கள். காதில் கேட்கக் கொடுங்கள்.

கடைசியாக, விளையாட்டில்லாத பகுதி. பிரான்சில் மருத்துவ அவசரத்துக்கு 15, தீயணைப்புக்கு 18. ஐரோப்பா முழுவதற்கும் 112. இந்த மூன்று எண்களும் உங்கள் அம்மாவுக்குத் தெரியுமா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். தெரிந்தாலும், எடுத்துப் பேசினால் என்ன சொல்வார்? 'எதே முவா', உதவி செய்யுங்கள். 'செ யூர்ஜான்', அவசரம். 'பெபே மலாத்', குழந்தைக்கு உடம்பு சரியில்லை. 'ஜே மால் இசி', எனக்கு இங்கே வலிக்கிறது. பிறகு வீட்டு முகவரி, மாடி, கீழ்க் கதவின் குறியீட்டு எண். இத்தனையும் வாய்ப்பாடு போல வாயில் நிற்க வேண்டும். பேரக் குழந்தையை ஒரு நாளைக்குப் பதினொரு மணி நேரம் நம்பி ஒப்படைத்திருக்கிறீர்கள். ஆபத்தில் கூப்பிட ஒரு சொல்லைக் கொடுக்காமல் ஒப்படைப்பது என்ன பொறுப்பு?

குழந்தை கொஞ்சம் வளர்ந்த வீடுகளுக்கு இன்னொன்று. அங்கே 2019 முதல் மூன்று வயதிலேயே கல்வி கட்டாயம். உங்கள் பிள்ளை பள்ளிக்குப் போய்விட்டால் அவன் வாயில் பிரெஞ்சுதான் முதலில் வரும். பாட்டியை 'மமி' என்று கூப்பிடுவான். நம் மாமியை நினைத்துச் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் பாட்டியோடு அவன் பேசாமல் போனால் சிரிக்க முடியாது. அவனையே பாட்டிக்கு வாத்தியாராக்குங்கள். ஒரு சொல்லுக்கு ஒரு சொல்: அவன் பிரெஞ்சுச் சொல் ஒன்று தரட்டும், பாட்டி தமிழ்ச் சொல் ஒன்று தரட்டும். இரண்டு பேருக்கும் லாபம்.

"நேரம் இல்லை சார்" என்று எழுதப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே பதில். விசா வருவதற்குக் காத்திருக்கும் வாரங்களில் தினம் பத்து நிமிடம் போதும். ஒரு நாளைக்கு ஒரு தொடர். உங்கள் குரலிலேயே, மெதுவாக மூன்று முறை சொல்லி, வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள். அம்மா அதைக் கேட்டுத் திருப்பிச் சொல்லி அனுப்பட்டும். பிழையாகச் சொன்னால் சிரிக்காதீர்கள். நீங்கள் முதன்முதலில் 'அம்மா' என்று சொன்னபோது அவர் உங்கள் உச்சரிப்பைத் திருத்தவில்லை, தூக்கிக் கொஞ்சினார்.

போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில் நீங்களே ரொட்டிக்கடைக்குக் கூட்டிப்போங்கள். வாசலில் நின்றுகொள்ளுங்கள். உள்ளே அவர் மட்டும் போகட்டும். திக்கினால் ஓடிப்போய்க் காப்பாற்றாதீர்கள். கடைக்காரர் ஒன்றும் கடிக்கமாட்டார்.

வழக்கம்போல இதற்கும் வீட்டுப்பாடம் உண்டு. பிரான்சிலிருந்து இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் இன்று இரவே முதல் பாடத்தை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அனுப்ப வேண்டும். முதல் பாடம் ஒரே சொல்: பொஞ்ஜூர். அனுப்பியவர்கள் கீழே 'அனுப்பிவிட்டேன்' என்று எழுதுங்கள். வருகைப் பதிவேடு போல எண்ணிக்கொண்டிருப்பேன். எழுதாதவர்களின் அம்மாக்களுக்கு நானே போன் போடுவேன், பலருடைய எண் இன்னும் என்னிடம் இருக்கிறது.

எல்லோரும் நலமாக இருங்கள்.