வளராத பிள்ளை

சென்ற விடுமுறையில் என் மருமகன் எம் வீட்டுக்கு வந்திருந்தான். பல்கலைக்கழகத்திற் பயிலும் அவன் யப்பானியச் சித்திரப்படங்களில் மிக்க பற்றுடையவன். அவற்றுக்கு வழிகாட்டியாய் அமைந்தது எது என்று யான் வினவ, தன் மடிக்கணினியில் ஒரு பழம்படத்தைக் காட்டினான். "மாமா, இதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். வாய் மட்டுந்தான் அசையும்" என்று சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் வரவில்லை என்று எண்ணிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

அப்படம் ஒசாமு தெசுகா என்னும் சித்திரக்காரர் ஆக்கிய 'அஸ்ட்ரோ போய்'. 1963 சனவரி 1 தொடக்கம் 1966 டிசெம்பர் 31 வரை, 193 பகுதிகளாக யப்பானியத் தொலைக்காட்சியில் வந்தது.

அதன் குறைகளை மறைத்தல் நேர்மையாகாது. படச்சுருளில் வினாடிக்கு 24 சட்டங்கள் ஓடும். தெசுகாவின் குழுவினர் ஒரு சித்திரத்தையே மூன்று சட்டங்களுக்கு நிறுத்தினர். ஆகவே வினாடிக்கு எட்டுச் சித்திரங்களே போதுமாயின. முன்னர் வரைந்தவற்றைச் சேமித்து வைத்து, மீளவும் மீளவும் பயன்படுத்தினர். வாரம் ஒரு பகுதி தருதல் வேண்டும். கையிலோ பணமும் ஆளும் குறைவு. வறுமை கற்பித்த சிக்கனம் அது. தெசுகா குறைந்த விலைக்கு உடன்பட்டமை பின்வந்த தொழிலாளருக்குச் சுமையாயிற்று என்று ஹயாவோ மியாசாக்கி கண்டித்துமுள்ளார்.

அவ்வாறாயின், இன்று அதைக் காண்பதில் இன்பம் யாது? இளமை நினைவு என்பர் சிலர். அவ்விடை எனக்குப் பொருந்தாது. இளமையில் யான் அதைக் கண்டவனல்லன். படம் அசையாத இடத்தில் பார்ப்பவன் மனம் அசைந்துகொள்கிறது என்பதே யான் காணும் விடை. கூத்துக் களரியில் ஒருவன் இருமுறை வட்டமாக நடந்தால், அவன் காடு கடந்தான் எனக் கொள்கிறோம். காட்டைக் கொணர்ந்து காட்டு என்று எவரும் கேட்பதில்லை. இக்காலப் படங்கள் ஒவ்வொரு மயிரிழையையும் அசைத்துக் காட்டுகின்றன. அத்திறம் வியத்தற்குரியதே. எனினும், அங்கே பார்ப்பவனுக்கு எஞ்சும் வேலை சிறிது.

மற்றொரு சுவையும் உண்டு. தம் கதைத்தலைவன் பிறந்த நாளாகத் தெசுகா குறித்தது 2003 ஏப்பிரல் 7. அவருக்கு அது தொலைவிலுள்ள எதிர்காலம். நமக்கோ கழிந்த காலம். போரின் அழிவை இளமையிற் கண்ட ஒருவர் எத்தகைய நாளையை விரும்பினார், எதற்கு அஞ்சினார் என்பதை அதில் நேரே படிக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக நிற்பது கதை. மகனை விபத்தில் இழந்த விஞ்ஞானி ஒருவர், அவன் உருவில் இயந்திரச் சிறுவன் ஒருவனைச் செய்கிறார். நூறாயிரம் பரிவலு உடையவன் அவன். ஆயினும் ஓர் அங்குலமும் வளரான். அது கண்டு வெகுண்ட தந்தை அவனைத் தள்ளிவிட, அவன் சர்க்கஸ் கூடாரத்தை அடைகிறான். அன்புடைய வேறொரு விஞ்ஞானி பின்பு அவனை மீட்கிறார். அச்சிறுவன் புரியும் சண்டைகள் இன்று எளியனவாகத் தோன்றலாம். அத்தந்தையின் சினமோ என்னை விட்டகலவில்லை. முப்பதாண்டு கற்பித்த யானும், யான் வைத்த அளவுக்கு வளராத பிள்ளைகளிடம் முகஞ்சுளித்ததுண்டு. அவர்களுள் ஒருவனை வகுப்பில் எழுப்பி, "நீ தேறமாட்டாய்" என்று சொன்னதும் நினைவுக்கு வந்தது. அவன் தலை குனிந்து நின்றான்.

பழையன யாவும் போற்றத்தக்கன என்பது என் கருத்தன்று. பழையது கழிவதை இலக்கண நூலாரே ஒப்புகின்றனர். ஆனால், கழித்தற்கு முன் ஒருமுறை ஊன்றி நோக்குதல் வேண்டும். வளரவில்லை என்று பிள்ளையைத் தள்ளிய தந்தையின் பிழையையே, அசையவில்லை என்று அப்படத்தைத் தள்ளுவோரும் செய்கின்றனர். இதை மருமகனிடம் கூறினேன். அவன் மறுமொழி சொல்லாது அடுத்த பகுதியைப் போட்டான். அன்றிரவு மூன்று பகுதிகள் பார்த்தோம். ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரு பகுதியையேனும் பொறுமையோடு பார்த்து, அதன்பின் சிரிப்பதாயிற் சிரிப்பார்களாக.