தலைவர் கற்றால் கிளை வளரும்

சங்கத்தின் பலம் சந்தாப் புத்தகத்தில் உள்ள பெயர்களின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. கிளைக் கூட்டத்தில் கடைசியில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளி எழுந்து நின்று, "இது எனக்கு விளங்கவில்லை" என்று சொல்லத் துணிகிறாரா என்பதில் இருக்கிறது. அந்தத் துணிவைக் கொடுப்பவரும் தலைவர்; கெடுப்பவரும் தலைவரே.

சில கிளைகளில் தலைவருக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. கேள்வி கேட்டவரை, "நேற்றுப் பால் வெட்ட வந்தவன் நீ" என்று அடக்கிவிடுகிறார். அடுத்த கூட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. நஷ்டம் யாருக்கு?

கணக்குப் பார்ப்போம். பாலின் எடைக்கு அல்ல, அதிலுள்ள காய்ந்த ரப்பரின் எடைக்கே கூலி என்று வைத்துக்கொள்வோம். 20 கிலோ பாலில் நூற்றுக்கு 35 பங்கு ரப்பர் என்றால் 7 கிலோ. 30 பங்கு என்று பதிந்தால் 6 கிலோ. ஒரே நாளில் ஒரு கிலோ போயிற்று! மழையில் பால் நீர்த்திருந்தால் அந்தக் குறைவு நியாயமாகவும் இருக்கலாம். அதை அறிய, மாதிரிப் பால் எப்படி எடுக்கப்படுகிறது, எப்படி அளக்கப்படுகிறது என்று கேட்கத் தெரிய வேண்டும். "எனக்கும் இது சரியாகத் தெரியாது, வாருங்கள், கிராணியாரிடம் சேர்ந்தே கேட்போம்" என்று சொல்லும் தலைவரின் மதிப்பு குறைவதில்லை. அவரோடு பத்துப் பேர் கணக்குக் கற்கிறார்கள். கிராணிமாரும் மனம் வைத்து விளக்க வேண்டும். வீண் சந்தேகம் தீர்ந்தால் அவர்களுக்கும் நிம்மதிதானே?

சட்டமும் ஓரிடத்தில் நிற்பதில்லை. 2013-ல் குறைந்தபட்சச் சம்பளம் நடப்புக்கு வந்தபோது தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி. 2025-ல் அது 1,700 வெள்ளி ஆயிற்று. பழைய கணக்கையே மனப்பாடம் செய்து வைத்திருப்பவர் நிர்வாகத்தின் முன் எப்படி வாதாடுவார்?

புதிதாகக் கத்தி பிடித்தவர் மரத்தில் காயம் போட்டுவிட்டால், ஏசினால் கை நடுங்கும். பக்கத்தில் நின்று காட்டினால் கை பழகும். சங்க வேலையும் அப்படித்தான். இதுவரை பேசாத பெண் தொழிலாளியிடம் கூட்டக் குறிப்பை எழுதக் கொடுங்கள். பிழை வந்தால் திருத்திக் கொடுங்கள். பேச்சுவார்த்தைக்குப் போகும்போது ஓர் இளைஞரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

தனித்தனியே இருந்த சங்கங்கள் 1954-ல் ஒன்றுகூடியதால்தான் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பழைய வழியே போதும் என்று இருந்திருந்தால் அது நடந்திருக்குமா?

தோழர்களே! அடுத்த தேர்தலில் உரக்கப் பேசுபவரை மட்டும் தேடாதீர்கள். கேட்கத் தெரிந்தவரை, கற்க மனமுள்ளவரை, தமக்குப் பின் நால்வரைத் தயார் செய்பவரைத் தேர்ந்தெடுங்கள். அப்படிப்பட்ட கிளையை எந்த நிர்வாகமும் எளிதில் ஏமாற்ற முடியாது.