காசு குடுத்தது நாங்கள், கட்டளை போடுறது ஆர்?

அசைன்மென்ட் கொடுக்க வேண்டிய நாள் காலையில் எங்கட வீட்டுப் பிரிண்டர் வேலை செய்யமாட்டேன் என்று நின்றது. முதல் நாள் இரவுவரை அடித்த அதே மை, அதே காட்ரிஜ். விடிந்து பார்த்தால், போட்டிருக்கும் காட்ரிஜ்ஜை ஏற்க முடியாது என்று ஒரு அறிவித்தல். கொமினிகேஷனுக்கு ஓடி, வரிசையில் நின்று, 22 பக்கம் அடித்து, மூச்சு வாங்கக் கொண்டுபோய்க் குடுத்தன்.

பின்னேரம் வழமையாக மை நிரப்பித் தாற அண்ணாட்டக் கொண்டு போனேன். அவர் மூடியைக்கூடத் திறக்கவில்லை.

"வைஃபையில விட்டிருந்தனீங்களோ தங்கச்சி?"

"ஓம்."

"அப்ப இரவு அப்டேட் எடுத்திருக்கும். மையில பிழை இல்லை."

எந்தக் கம்பனி என்று கேட்காதீர்கள். எது என்றாலும் கதை ஒன்றுதான். காட்ரிஜ்ஜின் ஓரத்தில் நகத்தளவு சிப் ஒன்று இருக்கும். பிரிண்டருக்குள் இருக்கும் மென்பொருள், அதாவது ஃபேர்ம்வெயார், அந்தச் சிப்பிடம் "நீ எங்கட ஆளோ?" என்று கேட்கும். அப்டேட் வந்தால் அந்தக் கேள்வி மாறும். நேற்றுச் சரியாக இருந்த பதில் இன்றைக்குப் பிழை. மையும் தாளும் மாறவில்லை, வாசலில் நிற்கிற காவல்காரனின் மனம் மட்டும் மாறியிருக்கு.

இது எங்கட வீட்டில் மட்டும் நடந்த அதிசயம் இல்லை. 2016 செப்டெம்பர் 13 அன்று உலகின் பல இடங்களிலும் எச்பி கம்பனியின் ஒஃபிஸ்ஜெட் பிரிண்டர்கள் வேறு கம்பனிகளின் காட்ரிஜ்களைத் திடீரென்று மறுத்தன. முன்னமே அப்டேட்டில் உள்ளே போயிருந்த கட்டளை அன்றைக்குத்தான் கண்விழித்தது. சனம் சத்தம் போட்ட பிறகு, சரியாக அறிவிக்காமல் விட்டதற்குத்தான் கம்பனி மன்னிப்புக் கேட்டது, பூட்டு வைத்ததற்கு இல்லை. பூட்டுக்கு வைத்த பெயர் 'டைனமிக் செக்யூரிட்டி'. யாருக்குப் பாதுகாப்பு? 2020 இல் இத்தாலியின் போட்டி ஆணையம், வாங்குபவர்களுக்கு ஒழுங்காகச் சொல்லாததற்கும் வேறு சிலவற்றுக்கும் சேர்த்து எச்பிக்கு 1 கோடி யூரோ தண்டம் விதித்தது. 2024 ஜனவரியில் அதன் தலைவர் என்ரிக்கே லோரெஸ் தொலைக்காட்சியில் இருந்துகொண்டு, தங்கட மையைப் பாவிக்காத வாடிக்கையாளர் தங்களுக்கு மோசமான முதலீடு என்ற கருத்தில் பேசினார். பிரிண்டரை நாங்கள் வாங்கினோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பார்த்தால் அவைதான் எங்களை வாங்கி வைத்திருக்கினம்.

சிப் இல்லாவிட்டால் தரம் கெடும், பிரிண்டர் பழுதாகும் என்று ஒரு பயமுறுத்தல் இருக்கிறதே, அதை ஒரு கம்பனியே போட்டு உடைத்த கதையும் உண்டு. 2022 இல் உலகம் முழுக்கச் சிப் தட்டுப்பாடு. கெனன் கம்பனி தன்னுடைய சில அலுவலக இயந்திரங்களுக்குச் சிப் இல்லாத டோனரை விற்றது. எச்சரிக்கை வந்தால் எப்படித் தாண்டிப் போவது என்று வாடிக்கையாளருக்குத் தானே சொல்லிக் கொடுத்தது. அச்சின் தரம் குறையாது என்றும் சொன்னது. தங்களுக்குத் தேவை வந்தால் சிப் வேண்டாம், எங்களுக்குக் காசில்லாவிட்டால் சிப் கட்டாயம்!

பிரிண்டரை மலிவாகத் தந்துவிட்டு மையில் உழைக்கிறோம், அதனால்தான் பூட்டு என்பது அவர்களின் இன்னொரு நியாயம். அது அவையின்ர கணக்கு. நான் அதில் கையெழுத்து வைக்கவில்லை. பாதுகாப்புக்கு அப்டேட் வேண்டும் என்பது மட்டும் கொஞ்சம் உண்மைதான். நெட்வேர்க்கில் இருக்கிற பிரிண்டரிலும் ஓட்டைகள் வரும். அப்படியென்றால் ஓட்டை அடைக்கிற அப்டேட்டைத் தனியாகத் தரலாமே? மருந்துக்குள்ள ஏன் விலங்கையும் வைச்சுத் தாறியள்?

சரி, என்ன செய்யலாம்? பிரிண்டரின் திரையில் செட்டிங்ஸுக்குள் போய் தானியங்கி அப்டேட்டை நிறுத்துங்கள். திரை இல்லாவிட்டால், பிரிண்டரின் ஐபி முகவரியைக் கணினியின் பிரவுசரில் அடித்தால் பெரும்பாலும் அதன் செட்டிங்ஸ் பக்கம் வரும். ஆனால் நான் செட்டிங்கை மட்டும் நம்பமாட்டேன். வைஃபையைத் துண்டித்து யூஎஸ்பி கேபிளில் பாவியுங்கள். அப்போதும் கணினியில் இருக்கும் கம்பனியின் மென்பொருள் "அப்டேட் செய்யவா?" என்று கேட்கும். வேண்டாம் என்று அமத்துங்கள், அல்லது டிரைவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள். ஒருக்கா ஏறின அப்டேட்டைப் பல மொடல்களில் பின்னுக்கு இறக்க ஏலாது.

வாங்குமுன் இன்னொன்று. எச்பியில் மொடல் எண்ணுக்குப் பின்னால் சின்னதாக ஒரு 'இ' இருந்தால் கவனம். அதைப் பூட்டும்போது இலவச மையும் கூடுதல் உத்தரவாதமும் தருகிறோம் என்று 'எச்பி பிளஸ்' வந்து நிற்கும். ஓம் என்று ஒருக்கா அமத்தினால் எப்போதும் இணையம் வேணும், அவர்களின் மைதான் வேணும். பிறகு வேண்டாம் என்று திரும்பி வரவும் முடியாது.

எங்கட பிரிண்டர் இப்ப மேசையில் ஸ்கேன் மட்டும் எடுக்குது. அந்த அண்ணா புதிய சிப் ஒன்று வருமட்டும் பொறுக்கச் சொல்லியிருக்கிறார். ரூமில் ஆரும் புதிதாக வாங்கினால், முதல் நாள் அது வைஃபை பாஸ்வேர்ட் கேட்கும்போது கேபிளைக் குத்தச் சொல்லுங்கோ.