சாம்பாருக்கு நாலு சொட்டு

பி.காம். படித்தவனுக்குக் கெமிஸ்ட்ரி எதற்கு என்று கேட்பீர்கள். வயிறு என்று ஒன்று இருக்கிறதே சார்!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் ரூம்மேட்டும் சேர்ந்து வைத்த சாம்பார் அரைப் பாத்திரம் மிஞ்சிவிட்டது. ரூமில் ஃப்ரிட்ஜ் கிடையாது. கொட்டவும் மனசு வரவில்லை.

"கவலைப்படாதே. கிராம்புத் தைலம் கிருமியைக் கொல்லும்னு படிச்சிருக்கேன். சுத்தமான இயற்கைச் சரக்கு" என்றான் நண்பன். பல்வலிக்கு வாங்கிய குப்பியிலிருந்து நாலு சொட்டு விட்டு மூடி வைத்தான்.

காலையில் மூடியைத் திறந்தால், அப்படியே பல் டாக்டர் கிளினிக் வாசனை! இட்லிக்குத் தொட்டுக்கொண்டேன். நாக்கு மரத்துப்போனது. அதனால் சாம்பார் ஊசிப்போனது இரண்டு பேருக்குமே தெரியவில்லை. அன்று ஆபீஸில் நான் என் சீட்டில் இருந்த நேரம் மிகக் குறைவு. மேனேஜர் முறைத்ததைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.

நண்பன் சொன்னது பொய்யில்லை. அதுதான் வேடிக்கை. கிராம்பில் யூஜினால், பட்டையில் சின்னமால்டிஹைட், ஓமத்தில் தைமால்... இவையெல்லாம் கிருமியின் மேல்சவ்வை ஓட்டையாக்கி, உள்ளே இருப்பதை ஒழுகவிட்டுக் கொல்லக்கூடியவை. ஆனால் அது லேபரட்டரி தட்டில். சாப்பாட்டில் இருக்கும் கொழுப்பும் புரதமும் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. கிருமிக்கு மிச்சம் கிடைப்பது கொஞ்சம்தான். அளவைக் கூட்டினால் கிருமிக்கு முன்னால் நாம் ஓடிவிடுவோம். போதாக்குறைக்கு, சமையல் சூட்டிலேயே சாகாத விதைக் கிருமிகள் சில உண்டு. அவை நாலு சொட்டுக்கா அசரும்?

பூண்டும் கிருமியோடு மல்லுக்கட்டும் ஜாதிதான். ஆனாலும் 1985-ல் கனடாவின் வான்கூவர் நகரத்தில், ஒரு ஓட்டலில் சாப்பிட்ட 36 பேரை பொட்டுலிசம் என்ற நோய் தாக்கியது. காரணம், ஃப்ரிட்ஜுக்கு வெளியே வைத்திருந்த எண்ணெய்ப் பூண்டு. காற்றுப் படாத எண்ணெய்க்கு அடியில் அந்தக் கிருமி சுகமாக வளர்ந்துவிட்டது. 1989-ல் அமெரிக்காவிலும் இதேபோல் நடக்க, எண்ணெய்ப் பூண்டில் அமிலமும் சேர்த்தாக வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டது. புளிப்பு இருந்தால் அந்தக் கிருமி தலையெடுக்காது.

ஊருக்கு போன் பண்ணி அம்மாவிடம் கேட்டேன். "உன் ஆவக்காய் மட்டும் எப்படிம்மா கெடறதில்லை? கடுகாலயா?"

"கடுகு மட்டும் என்னடா பண்ணும்? உப்பு நிறைய, மாங்காயோட புளிப்பு, ஈரமில்லாத துணி, காஞ்ச கரண்டி. எல்லாம் சேர்ந்துதான் காப்பாத்துது. அது சரி, நீ ஏன் கேக்கறே? வயிறு சரியில்லையா?"

அம்மாக்களிடம் எதையும் மறைக்க முடியாது.

ஆகவே பேச்சிலர் பெருமக்களே, 'இயற்கை' என்று லேபிள் ஒட்டியிருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். வாசனை எண்ணெய் நல்ல உதவியாள்தான். உப்பு, புளிப்பு, உலர்த்தல், ஃப்ரிட்ஜ் என்று கூட ஆள் இருந்தால் பிரமாதமாக வேலை செய்யும். தனியாக விட்டால் கிருமி சாகாது. கெட்டுப்போன வாசனையைத்தான் மறைக்கும்.

சாம்பார் மிஞ்சினால் ஆறியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஃப்ரிட்ஜ் இல்லையா? பக்கத்து ரூம்காரனைக் கூப்பிட்டு அன்றைக்கே காலி பண்ணுங்கள். நட்பும் வளரும், மறுநாள் ஆபீஸுக்கு லீவும் மிச்சம்!