எலிக்கு ட்ரோன் வேணுமா?



கடலூரிலிருந்து சிதம்பரம் வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சம்பா வயல்களைப் பார்த்திருப்பீர்கள். பச்சைப் பசேலென்று கண்ணுக்குக் குளிர்ச்சி! காட்டுமன்னார்கோயில் பக்கம் என் மாமா வயலில் இறங்கிய பிறகுதான் அந்தப் பச்சையின் மறுபக்கம் தெரிந்தது. வரப்போரம் பயிர் நிமிர்ந்து நிற்கிறது. உள்ளே போனால் தூர் தூராகச் சாய்வாக வெட்டிப் போட்டிருக்கிறது எலி. "வரப்புல நின்னு எட்டிப் பார்த்துட்டுப் போறவங்களுக்கு இது எப்படிடா தெரியும்?" என்றார் மாமா.

ட்ரோன் வைத்துப் படம் எடுக்கலாமே என்று ஹாஸ்டலில் சொன்னேன். "மலையைக் கெல்லி எலியைப் பிடிச்ச கதை" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். கணக்கைப் பாருங்கள்.

2016 முதல் நடக்கும் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நெல் விளைச்சலை அறுவடைச் சோதனை மூலம் அளக்கிறார்கள். 5 மீட்டருக்கு 5 மீட்டர் துண்டு. ஒரு கிராமத்துக்கு நாலு துண்டு. கிராம சராசரி குறைந்தால்தான் இழப்பீடு. எலியோ திட்டுத் திட்டாக வெட்டும். நாலு துண்டும் நல்ல இடத்தில் விழுந்துவிட்டால் எலி தின்றது கணக்கிலேயே வராது! 2023 முதல் நெல், கோதுமைக்குச் செயற்கைக்கோள் கணிப்பையும் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி என்பது 10 மீட்டர் சதுரம். எலித் திட்டு அதற்குள் கரைந்துவிடும். வரப்பு ரொம்பத் தாழ்வு, செயற்கைக்கோள் ரொம்ப உயரம். 50 மீட்டரில் பறக்கும் சாதாரண ட்ரோனில் ஒரு புள்ளி ஏறத்தாழ 2 சென்டிமீட்டர்தான். திட்டின் பரப்பை சதுர மீட்டரில் சொல்லிவிடலாம்.

அதற்காக ட்ரோன் எல்லாம் அறிந்தது என்று நான் சொல்லவில்லை. புகையான் தாக்கிய பயிரும் வட்டத் திட்டாகத்தான் காயும். காற்றில் சாய்ந்த பயிரும் மேலிருந்து பள்ளமாகத் தெரியும். இது எலி வெட்டா, வேறா என்று இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். அதில் நம்மூர் இருளர்களை மிஞ்ச ஆளில்லை. வளை வாயில் ஈர மண் கிடந்தால் உள்ளே எலி உண்டு என்பார்கள். கிட்டி வைக்க வேண்டிய தடத்தையும் காட்டுவார்கள். படத்தைக் கம்ப்யூட்டரில் போடும் நமக்கு 'டெக்னீஷியன்' பட்டம், சேற்றில் இறங்கும் அவருக்கு வெறும் 'எலி பிடிக்கிறவர்' என்ற பெயரா? என்ன நியாயம் இது?

என் கருத்து இதுதான். சிவில் மாணவர் சர்வே செய்யட்டும், எலக்ட்ரானிக்ஸ் மாணவர் ட்ரோன் ஓட்டட்டும், கூடவே ஓர் இருளர் பெரியவர் சம்பளத்தோடு வரட்டும். மூன்று பேர் சேர்ந்து ஒரு கிராமத்தை அளந்தால் அது நல்ல இறுதியாண்டு புராஜெக்ட். 2021 ட்ரோன் விதிகளின்படி, 2 கிலோவுக்குட்பட்ட ட்ரோனை வியாபார நோக்கமின்றி ஓட்ட பைலட் சான்றிதழ் தேவையில்லை. பதிவு எண் வாங்கி, பச்சை மண்டலமா என்று பார்த்தால் போதும்.

அந்தப் படத்தைக் காட்டினால் மாமாவுக்கு நாளைக்கே பணம் வந்துவிடாது. ஆனால் கிராம சராசரிக்குள் மறைந்துபோகும் நஷ்டம் முதல்முறையாகக் காகிதத்தில் ஏறும். கல்யாண வீட்டில் பறக்கும் ட்ரோன் ஒருநாள் கழனி மேலும் பறக்கட்டுமே!