கல்லில் எழுதிய கணக்கு

நான்ஜிங் நகர நினைவகத்தின் கல்லில் ஓர் எண் செதுக்கப்பட்டிருக்கிறது: 3,00,000. 1937 டிசம்பர் 13 அன்று நகரைப் பிடித்த ஜப்பானியப் படை, அடுத்த சில வாரங்களில் கொன்று குவித்தவர்களின் தொகை என்கிறது சீன அரசு. போருக்குப் பின் டோக்கியோவில் நடந்த சர்வதேச விசாரணை, இரண்டு லட்சத்துக்கும் மேல் என்றது. ஜப்பானில் இதைக் குறைத்துச் சொல்பவர்கள் உண்டு; எதுவுமே நடக்கவில்லை என்று சாதிப்பவர்களும் உண்டு. அவர்களுக்குப் பதிலாகத்தான் 1985ல் நினைவகம் எழுந்தது. 2014 முதல் டிசம்பர் 13 தேசிய நினைவு நாள்.

கோபம் நியாயமானதே. ஆனால் சீனாவில் கொல்லப்பட்ட எல்லோருக்கும் கல் கிடைப்பதில்லை. கொன்றது யார் என்பதைப் பொறுத்தது அது.

இந்த வழக்கம் பழையது. 1645ல் மாஞ்சுப் படைகள் யாங்சோவ் நகரை வீழ்த்தி, மக்களை வெட்டிச் சாய்த்தன. மனைவி, மகனுடன் ஒளிந்து உயிர் தப்பிய வாங் சியூச்சு, அந்தப் பத்து நாட்களில் கண்டதை எழுதிவைத்தார். எட்டு லட்சம் பேர் மாண்டதாக அதில் வரும் கணக்கை ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. படுகொலையை யாரும் மறுப்பதில்லை. மாஞ்சுக்களின் சிங் வம்சம் அரியணையில் இருந்தவரை அந்தக் குறிப்பு வெளிச்சத்துக்கு வர வழியில்லை. அதைக் காப்பாற்றியது ஜப்பானில் தங்கிய பிரதி. வம்சத்தின் அந்திமக் காலத்தில் புரட்சிக்காரர்கள் அதை அச்சிட்டுப் பரப்பினார்கள். 1911ல் புரட்சி வெடித்தது. அடுத்த ஆண்டு வம்சம் முடிந்தது.

கலாசாரப் புரட்சியின்போது கொன்றவர்கள் அந்நியர்கள் அல்ல. 1967 ஆகஸ்டில், ஹூனான் மாகாணத்தின் தாவ் மாவட்டத்தில், உள்ளூர்க் கட்சி ஊழியர்களும் ஆயுதமேந்திய கிராமப் படையினரும் தங்கள் ஊர்க்காரர்களையே கொன்றார்கள். நிலப்பிரபு, பணக்கார விவசாயி என்று முத்திரை குத்தப்பட்ட குடும்பங்கள்தான் முக்கிய இலக்கு. குழந்தைகளும் தப்பவில்லை. 1980களில் அரசே இதை விசாரித்தது. சுற்று வட்டாரத்தையும் சேர்த்து 9,000க்கும் அதிகமானோர் கொல்லப்பட்டோ தற்கொலைக்குத் தள்ளப்பட்டோ இறந்தது தெரிந்தது. 1986ல் செய்தி சேகரிக்கப் போன பத்திரிகையாளர் டான் ஹெசெங்கின் கட்டுரை அச்சேறவில்லை. விடாமல் தகவல் திரட்டி அவர் எழுதிய நூல் ஹாங்காங்கில்தான் வெளிவந்தது. அரசு எண்ணி முடித்திருந்தது. மக்களிடம் சொல்லத்தான் மனம் வரவில்லை.

1989ல் அந்த எண்ணும் வேலைகூடச் சந்தேகத்துக்குரியதானது. ஜூன் 3 இரவும் மறுநாளும் பெய்ஜிங் வீதிகளில் ராணுவம் சுட்டதில் இறந்தவர்கள், படையினரையும் சேர்த்து, சுமார் 300 பேர் என்றது அரசு. பல நூறிலிருந்து ஆயிரங்கள் வரை போகின்றன மற்றவர்களின் மதிப்பீடுகள். 17 வயது மகனைப் பறிகொடுத்த பேராசிரியை டிங் ஸிலின், வேறொரு வழியில் கணக்கெடுத்தார். தன்னைப் போன்ற பெற்றோரைத் தேடிக் கண்டுபிடித்து, ஒவ்வொரு பெயராகச் சேர்த்தார். பட்டியல் 200ஐத் தாண்டியது. போலீஸ் கண்காணிப்பும் வீட்டுக் காவலும் அதற்குக் கிடைத்த பரிசு.

ஆண்டுதோறும் ஹாங்காங்கின் விக்டோரியா பூங்காவில் இவர்களுக்காக மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். 2020ல் அதற்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில், அங்குள்ள பல்கலைக்கழக வளாகத்தில் நின்ற நினைவுச் சிற்பத்தை இரவோடு இரவாகப் பெயர்த்தெடுத்துப் போனார்கள். தடுக்கப்பட்ட நூல்களுக்கு அடைக்கலம் தந்த நகரம் அது.

யாங்சோவின் கதைக்கு ஒளிந்துகொள்ள ஜப்பானில் ஓர் இடம் கிடைத்தது. பெய்ஜிங் பெற்றோரின் பட்டியல் அப்படிக் காத்திருக்கலாம். ஆனால் பெயர்களைச் சேர்த்தவர்களால் காத்திருக்க முடியாது. அவர்களில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள்.