சேவல் இல்லாத வாழ்வாதாரம்

2009 மே மாதத்தின் பின்னர் வன்னியில் மீள்குடியேறிய குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு, வழங்கப்படும் வாழ்வாதார உதவிகளில் கோழிக்குஞ்சுகளும் அடங்கும். குஞ்சுகள் கையளிக்கப்படும். படம் எடுக்கப்படும். பயனாளிகள் பட்டியலில் பெயர் ஏறும். அந்தக் கோழிகள் முட்டையிட்டு ஓய்ந்த பின்னர் கூட்டில் என்ன மிஞ்சும் என்று கேட்பவர்கள் குறைவு. அதற்கான விடை சேவலில்தான் இருக்கிறது என்பேன்.

முட்டையிடுவதற்குச் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிக்கத்தான் தேவை. முட்டைக்கென்றே உருவாக்கப்பட்ட கலப்பினக் கோழி ஆண்டுக்கு ஏறத்தாழ 300 முட்டைகள் இடும். ஆனால் பெரும்பாலும் அடைகாக்காது. அதற்குக் கடைத்தீன் வேண்டும். முட்டை குறைந்ததும் மீண்டும் குஞ்சு வாங்கவேண்டும். ஊர்க்கோழி இடும் முட்டை மிகவும் குறைவு. எனினும் குறுணலையும் கறையானையும் தின்று, 21 நாட்கள் அடைகிடந்து, தன் குஞ்சுகளைத் தானே வளர்த்துவிடும்.

இந்த வேறுபாட்டின் பெறுமதியை அண்மைய பொருளாதார நெருக்கடி காட்டியது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதும் சோள விளைச்சல் சரிந்தது. 2022இல் டொலர் தட்டுப்பாட்டால் தீன் விலை எகிறியது. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கும் நிலைக்கு நாடு வந்தது. பெரிய பண்ணைகளே திணறிய விலையை, ஐந்து கோழி வளர்க்கும் ஒரு தாய் எப்படித் தாங்குவார்?

சேவலை வைத்திருப்பதும் இலகுவல்ல. அது தீன் தின்னும், முட்டை தராது. இரண்டு வளர்ந்தால் சண்டை. நுண்கடன் தவணை நாளில் முதலில் விலைபோவதும் அதுவே. விற்பவரை நான் குறைகூற மாட்டேன். கடன்காரர் வாசலில் நிற்கும்போது அடுத்த ஆண்டுக் குஞ்சுகளைப் பற்றி யார்தான் யோசிப்பார்?

ஆனால் 10 பேடுகளுக்கு ஒரு சேவல் போதும். அயல்வீடுகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒன்றை வைத்திருக்கலாம். தன் குஞ்சுகளோடே அது இனம் சேர்ந்தால் வர்க்கம் நலிவடையும் என்பதால், ஆண்டுக்கொருமுறை வேறு ஊர்ச் சேவலுடன் மாற்றிக்கொள்ளலாம்.

உதவி வழங்குவோர் ஊர்க்கோழிப் பேடுகளுடன் ஒரு சேவலையும், மரநாய் புகாத கூட்டையும், கால்நடை வைத்தியரின் தடுப்பூசியையும் சேர்த்துத் தரவேண்டும். பட்டியலில் உங்கள் பெயரைப் பதிய வரும்போது, "சேவலும் உண்டா?" என்று கேளுங்கள். எமக்கு எது தேவை என்று சொல்லும் உரிமை எமக்குத்தான் உண்டு.